மேஜை இல்லாத வீட்டுக்கு ஒரு காப்பி மிஷின்

ஞாயிற்றுக்கிழமைக்குள் பாஸ்கலுக்கு ஒரு காப்பி மிஷின் வேண்டும். வறுத்த கொட்டையைப் போட்டுக் கையால் சுற்றி அரைக்கிற மிஷின். ஈவினிங் பஜாருக்குப் போனால் அரைமணியில் முடிகிற வேலை. திங்கட்கிழமை போனான். கடைக்கு வெளியே நின்று பார்த்தான். திரும்பி வந்தான். செவ்வாய்க்கிழமை கடைக்குள்ளேயே நுழைந்து ஒரு கைப்பிடியைத் தொட்டும் பார்த்தான். "அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஒரு வருஷமாக அவன் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. விடியுமுன் எழுந்து கடற்கரை ரோட்டில் நடப்பான். கட்டுமரங்கள் கரையேறுவதற்குள் திரும்பிவிடுவான். ஒரு கடையில் டீ சொல்லிப் பாதி குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவான். ஆபீஸ் விட்டதும் சில நாள் ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலேறி எண்ணூர் வரைக்கும் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல், அடுத்த வண்டியில் திரும்புவான். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் டாலி கிளார்க் உத்தியோகம். இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுத வேண்டும். பி.ஏ. படித்தவனுக்கு அது பெரிய வேலை இல்லை. நின்றுகொண்டே செய்யலாம் என்பதால் பிடித்திருந்தது.

பெண்டாட்டி டோரதி செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காமாலை. இருபது நாள் கிடந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் மாமியார் சிலுவையம்மாள் கைவண்டியோடு வந்தாள். பிள்ளை இல்லாமல் பெண் போய்விட்டால் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அது அவர்கள் வழக்கம். அவளுக்கும் அதில் கெட்ட எண்ணம் இல்லை, அவனுக்கும் கோபம் இல்லை. பீரோ போயிற்று. இரண்டு பித்தளைக் குடம் போயிற்று. கடைசியில் மேஜை. அதன் விளிம்பில் காப்பி மிஷின் திருகி மாட்டியிருந்தது. திருகு இறுகிப்போய்க் கழலவில்லை. "அப்டியே தூக்கிப் போடுபா" என்றாள் வண்டிக்காரனிடம். மேஜையும் மிஷினும் ஒன்றாகவே வண்டி ஏறின. வண்டி தெருவில் குலுங்கிக்கொண்டு போகையில் கைப்பிடி தானாக ஆடியது. அரைச் சுற்று இந்தப் பக்கம், அரைச் சுற்று அந்தப் பக்கம், அரைக்க ஒன்றுமில்லாமல். பாஸ்கல் தெருமுனை வரை அதன் பின்னாலேயே போனான்.

"கவலப்படாத மாப்ளே," என்றாள் சிலுவையம்மாள். "எல்லாம் எல்சியோட திரும்பி வந்துடும்."

எல்சி டோரதியின் தங்கை. இருபத்தொரு வயது. அக்கா போன வீட்டுக்குத் தங்கை வருவது அந்தத் தெருவில் புதுசு இல்லை. ஆயரிடம் எழுதிப் போட்டு விலக்கு வாங்க வேண்டும், சாமியார் பார்த்துக்கொள்வார். பாஸ்கல் அன்றைக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருஷம் கழியட்டும் என்று சிலுவையம்மாளே தவணை வைத்தாள்.

தவணை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. போன வாரம் கோயில் வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "பூசை முடிஞ்சு கல்லறைக்குப் போயிட்டு எல்லாரும் உன் வூட்டுக்குத்தான் வருவாங்க. பொட்டலப் பொடி வாங்கி வெக்காத. நா மிஷின எடுத்தாரேன். எல்சி அரைச்சுக் கலக்குவா. எங்கண்ணனும் வராரு. அவரு முன்னால பேசி முடிச்சிடலாம்."

எல்சி அந்த வீட்டில் அந்த மிஷினைச் சுற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரிதான். பெரியவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத் தேதி குறிப்பார்கள். அவனுக்குச் சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் அவள் சுற்ற வேண்டியதில்லை. இது பாஸ்கலுக்கு நன்றாகப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான்: அவள் சுற்ற வேண்டாம் என்று அவனுக்கு நிஜமாகவே இருக்கிறதா? முதுகுப் பக்கம் நின்று பேசினால் எல்சியின் குரல் அப்படியே டோரதியின் குரல். அந்தக் குரலுக்காகவே இரண்டு மூன்று தடவை மாமியார் வீட்டுப் பக்கம் போயிருக்கிறான். அந்த வெட்கம்தான் அவனை டீக்கடையிலிருந்து டீக்கடைக்கும் எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கும் விரட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை ஜெயவேல் பிடித்துக்கொண்டான். ஜெயவேல் கப்பலில் மூட்டை தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டுகிறவன், வியாசர்பாடிக்காரன், பாஸ்கலோடு நாலு வருஷப் பழக்கம்.

"இன்னா பாஸ்கலு, மூட்டைய எண்றியா, காக்காவ எண்றியா? ரெண்டு ஸ்லிங்கு வுட்டுட்ட."

கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இறக்கிய அந்த இரண்டு தூக்கு மூட்டையையும் சேர்த்துப் பாஸ்கல் நோட்டைத் திருத்தினான். பிறகு விஷயத்தைச் சொன்னான். அவன் வழக்கப்படி நாலே வாக்கியத்தில்.

"இதுக்கா மூஞ்ச இப்டி கலீஜா வெச்சிகினு கீற? மிஷினும் வருது, பொண்ணும் வருது, மாமியாளும் பழகின மாமியா. உனுக்கு இன்னா பேஜாரு?"

"தெரியல."

"தெரியலன்னா கட்டிக்க. இல்லாங்காட்டி வேணான்னு சொல்லு. நீ இன்னாடான்னா ஸ்லிங்குக்குக் கீயே வந்து நின்னுகினு மேல பாக்கற." ஜெயவேல் பீடியைப் பற்றவைத்தான். "மிஷினுதான் வோணும்னா எங்க வூட்ல ஒண்ணு கீது. கப்பல்ல சமைக்கற பண்டாரி ஒருத்தன் குடுத்துட்டுப் போனான், எனுக்கு தோஸ்து. மரப்பொட்டி, மேல கிண்ணம், கீய ட்ராயரு. மடில வெச்சி அரைக்கணும்."

"மடியிலயா?"

"கப்பலு ஆடும்ல நைனா! மேஜைல மாட்டினா எங்க நிக்கும்? சமயக்காரன் கீய ஒக்காந்து ரெண்டு தொடைக்கு நடுவுல இறுக்கிக்கினு சுத்துவான். எங்க வூட்ல எவன் காப்பி அரைக்கறான்? எம் பொஞ்சாதி பூவம்மா அதுல ஊசி நூலு போட்டு வெச்சிகினு கீறா."

பெட்டியைத் தொடையில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் தன்னைப் பாஸ்கல் நினைத்துப் பார்த்தான். "வேண்டாம். கடையிலேயே பார்க்கிறேன்."

"நீ பாப்ப. பாத்துகினே இருப்ப," என்றான் ஜெயவேல்.

வியாழக்கிழமை பாஸ்கல் பஜார் பக்கமே போகவில்லை. எண்ணூருக்குப் போய் வந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கேட்டில் எல்சி நின்றிருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து நேரே வந்திருக்கிறாள். விரல் நுனிகளில் ரிப்பன் மை.

"மிஷின் வாங்கிட்டீங்களா மாமா? திங்கட்கெழம பஜார்ல கடை வாசல்ல நின்னுகினு இருந்தீங்களே, பாத்தேன்."

"இல்ல. பார்த்துக்கிட்டிருக்கேன்."

"ஒரு வாரமா இன்னா பாக்கறீங்க, பொண்ணு பாக்கற மாதிரி?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாங்க, நானும் வரேன்."

அவன் வேகமாக நடந்தான். அவள் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தாள். பாரிமுனை தாண்டியதும் அவள் ஒரு கடை வாசலில் நின்றேவிட்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க. ஓடிக்கினே சொல்ற விஷயம் இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்ன வயசுல இருந்து அக்கா பாவாடைதான் எனக்கு. அக்கா செருப்பு. அக்கா ஜியாமெட்ரி பாக்ஸ், அதுல காம்பஸ் கூட இல்ல. கோயில்ல புதுநன்மை வாங்கறப்ப அக்கா கவுனு, இடுப்புல நாலு பின்னு குத்தி. இப்ப அக்கா வூடு, அக்கா மிஷினு, அப்புறம் நீங்க. போதும் மாமா."

ஒரு லாரி கடந்து போயிற்று. காம்பஸ் இல்லாத ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் தானும் இருப்பது அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. ஒரு வருஷமாக இன்னா சொல்ற, இன்னா சொல்ற என்று எல்லோரும் அவனைத்தான் கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"நா சொன்னா வெளக்கமாறு பிஞ்சிடும். நீங்க சொன்னா கத்துவா, ஆனா கேப்பா. மாப்ள இல்ல?"

"சரி."

"இன்னா சரி? மிஷின் வாங்கறீங்களா?"

"வா," என்றான்.

ஈவினிங் பஜாரில் வரதன் கடையில் ஒரு நீளப் பலகையின் விளிம்பில் ஏழெட்டு மிஷின்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் வார்ப்பிரும்பு. பச்சை, சிவப்பு, கருப்பு. எல்சி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி வறுத்த கொட்டை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"விவரமான அம்மா," என்றார் வரதன். "இது சின்னது, ரெண்டு பேருக்குப் போதும். நாளைக்கு நாலு பேர் ஆனீங்கன்னா இந்தப் பெருசு. அம்மாவையே சுத்திப் பாக்கச் சொல்லுங்க சார். சுத்தப் போறது அவங்க கைதானே."

"இவருதான் சுத்தப் போறாரு," என்றாள் எல்சி.

"அப்படியா! குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

இரண்டு பேரும் திருத்தவில்லை. பச்சை மிஷின் மாவாக அரைத்தது. சிவப்பு பாதி அரைத்துப் பாதியை உடைத்துத் துப்பியது. கருப்பு மிஷினை நாலு சுற்றுச் சுற்றியதும் எல்சி பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். "இதான்," என்றாள். "அக்கா பொடி இப்டிதான் இருக்கும்."

பாஸ்கலும் தேய்த்துப் பார்த்தான். அப்படித்தான் இருந்தது. உடனே கடையை விட்டு வெளியே போக வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

"கட்டிடட்டுமா சார்? மேஜை விளிம்பு எத்தனை அங்குலம்? ஒண்ணரைக்கு மேல இருந்தா இது கவ்வாது."

பாஸ்கல் வீட்டை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். வீட்டில் ஒரு இரும்புக் கட்டில் இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு நாற்காலி. ஜன்னல் படி கல். ஐந்து நாளாக மிஷினின் பல்லையும் எடையையும் யோசித்தவன், அதை எதில் மாட்டுவது என்று யோசிக்கவே இல்லை. ஒரு வருஷமாகத் தட்டைத் தரையில் வைத்துத்தான் சாப்பிடுகிறான்.

"மேஜை இல்ல," என்றான்.

வரதன் எல்சியைப் பார்த்தார். அவள்மேல் அவருக்குப் பரிதாபம் வந்துவிட்டது. "மொதல்ல மேஜை வாங்குங்க சார்," என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் எல்சி சொன்னாள்: "அந்த மேஜை எங்க வூட்ல கீது. அம்மா மண்ணெண்ண வுட்டு ஊறவெச்சு மிஷின கழட்டிட்டா. நா அது மேலதான் வாடக டைப் மிஷின வெச்சு அடிக்கிறேன். அடுத்த மாசம் ஹையர் பரீட்சை." கொஞ்ச தூரம் நடந்தாள். "கேட்டா குடுத்துடறேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேண்டாம்," என்றான் பாஸ்கல். அந்த வாரத்தில் அவன் யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். மத்தியானம் வியாசர்பாடிக்கு நடந்தே போனான். பூவம்மா பெட்டியின் ட்ராயரைக் கவிழ்த்து ஊசி, நூல், பித்தான் எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிக்கொண்டாள். "மடில வெச்சி நீயா அரைக்கப் போற? நா வந்து பாக்கட்டுமாண்ணா?" என்று சிரித்தாள். ஜெயவேல் அவளை அதட்டினான். பிறகு அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாஸ்கல் தரையில் உட்கார்ந்தான். பெட்டியைத் தொடைக்கு நடுவே வைத்தான். இரண்டு சுற்றில் அது நழுவி உருண்டது. கொட்டை கட்டிலுக்கு அடியில் ஓடியது. பொறுக்கினான். சுவரில் முதுகைச் சாய்த்து முழங்காலை இறுக்கிக்கொண்டு மறுபடி சுற்றினான். இந்தத் தடவை அரைந்தது, ஆனால் ரவை மாதிரி. கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருகினான், கைப்பிடி நகரவே இல்லை. பழைய இடத்துக்கே திருப்பி வைத்தான். பொடியை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினான். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. பழுப்புத் தண்ணீர். பாலை ஊற்றிக் குடித்தான். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் கலந்த முதல் காப்பி. மோசமாகத்தான் இருந்தது. முழுசும் குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை டோரதிக்கு. சாமியார் அவள் பெயரை இரண்டு தடவை வாசித்தார். கல்லறையில் மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை, நாலைந்து பேர் கையைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். ஜெபம் முடிந்ததும் பாஸ்கல் மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டான். பாலை அடுப்பில் ஏற்றினான். பாயை விரித்தான். பெட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

அவர்கள் வந்தபோது பாதி அரைத்திருந்தான். முதலில் சவரிநாதன், சிலுவையம்மாளின் அண்ணன், பெரிய உடம்பு. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மாப்ளே, அம்மி ஆட்டுக்கல்லு எல்லாம் கத்துக்கினியா?"

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியாகச் சிலுவையம்மாள், தோளில் கனமான துணிப்பை. அவளுக்குப் பின்னால் எல்சி.

"ஏந்திரு மாப்ளே. ஆம்பள செய்ற வேலயா இது?" சிலுவையம்மாள் பையிலிருந்து மிஷினை எடுத்தாள். அறையில் மண்ணெண்ணெய் வாடை லேசாக அடித்தது. "எல்சி, இத மாட்டு." சொல்லிவிட்டுத் தானே மாட்ட இடம் தேடினாள். ஜன்னலுக்குப் போனாள், கல். கட்டிலுக்கு வந்தாள், உருட்டுக் கம்பி. டிரங்குப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் மிஷினைப் பிடித்துக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரோரம் சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாலு வட்டம் வெளுப்பாகத் தெரிந்தது, மேஜைக் கால் இருந்த இடம்.

"மேஜை எங்க..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். "நாந்தான எடுத்துகினு போனேன்."

சவரிநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மிஷின தூக்கினு வந்தியே, மேஜைய வுட்டுட்டியேம்மா! இரு, வண்டிக்கு ஆள் அனுப்பறேன். பத்து நிமிஷத்துல வந்துடும். எல்லாம் இன்னிக்கே வந்து சேரட்டும்."

எல்சி தரையைப் பார்த்தாள். மை ஏறிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை," என்றான் பாஸ்கல். சுற்றுவதை அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் போலிருந்தது. "எனக்கு மிஷின் கிடைச்சிடுச்சு. எல்சி அரைக்க வேண்டாம்."

"இன்னிக்கி வேணாமா?"

"என்னிக்கும் வேண்டாம்."

சவரிநாதனின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. சிலுவையம்மாள் மிஷினை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணுகிட்ட இன்னா கொறய கண்ட?"

"ஒரு குறையும் இல்ல. அவகிட்ட ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் வேண்டாம்."

"இத சொல்றதுக்கு ஒரு வருசமா? ஒரு வருசம் வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த? ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே, நா இன்னான்னு போய் சொல்லுவேன்?"

"என் தப்புதான் அத்தை."

அவள் இன்னும் பேசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கையும் காத்திருந்தது, ஆனால் சுற்றிக்கொண்டே. கரகரவென்ற சத்தம் மட்டும். பால் பொங்கி வழிந்தது. எல்சி ஓடிப்போய் இறக்கினாள்.

சிலுவையம்மாள் மிஷினைத் தரையில் வைத்தாள். வெளியே போகப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அவன் எதிரே வந்து குனிந்து ட்ராயரை இழுத்தாள். பொடியை எடுத்து விரலால் தேய்த்தாள்.

"இது இன்னா, கேசரிக்கு ரவையா?"

பாஸ்கலின் கை நின்றது.

"இதுல எப்டி டிகாஷன் எறங்கும்? ஓடிப்பூடும். குடு." பாயில் உட்கார்ந்து பெட்டியைப் பிடுங்கித் தன் மடியில் இறுக்கினாள். கைப்பிடிக்குக் கீழே தடவித் திருகைப் பிடித்தாள். முக்கால் சுற்று. நாலு சுற்று அரைத்தாள். தேய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு நூல் திருகினாள். "அவளுக்கும் நாந்தான் வெச்சிக் குடுத்தேன்," என்றாள் பெட்டியைப் பார்த்தபடியே. "மொத மாசம் ரவையாத்தான் அரைச்சா. உனக்குத் தெரியாது. பக்கத்து வூட்ல பொடி வாங்கிக் கலந்து குடுத்தா உனக்கு."

அவனுக்குத் தெரியாது.

அரைத்து முடிக்கும் வரை அவள் பெட்டியை யாரிடமும் தரவில்லை. டம்ளர் ஐந்துதான் இருந்தது, ஆட்கள் ஒன்பது பேர். சவரிநாதன் குடித்த டம்ளரைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். "காப்பியாவது நல்லா கீது," என்று அவர் பொதுவாகச் சொன்னார். சிலுவையம்மாள் வாசற்படியில் நின்றபடி குடித்தாள். உள்ளே உட்காரவில்லை.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவள் மிஷினைப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளியே இறங்கியவள் திரும்பினாள்.

"மேஜைய அனுப்பி வெக்கறேன். தட்டு வெச்சித் துன்னவாவது ஆவும்."

"எல்சி அதுல டைப் அடிக்கிறா அத்தை. அடுத்த மாசம் பரீட்சை. அவகிட்டயே இருக்கட்டும்."

சிலுவையம்மாள் மகளைப் பார்த்தாள். எல்சி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுத்தமாகிவிட்ட டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தாள். சிலுவையம்மாளின் கண் பாஸ்கலிடம் வந்தது, மறுபடி மகளிடம் போயிற்று. அவளுக்கு என்ன புரிந்தது என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"வாடி, போலாம்," என்றாள்.

அவர்கள் தெருவில் போனார்கள். சிலுவையம்மாளின் பைக்குள் கைப்பிடி எதிலோ இடித்துக்கொண்டே போகிற சத்தம் கொஞ்ச தூரத்துக்குக் கேட்டது. இந்தத் தடவை பாஸ்கல் பின்னால் போகவில்லை. உள்ளே வந்தான். பாயில் பொடி சிந்தியிருந்தது. பாயை உதறப் போனவன் நின்று, மரப்பெட்டியை எடுத்துத் திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தான். பேனாவைத் திறந்து அந்த இடத்தில் மையால் ஒரு கோடு போட்டான்.